கல்லாவில் விழும் கோணல் காசு: எது அச்சுப் பிழை, எது வெறும் பழுது?

நம் வியாபாரிகள் சமீப காலமாக ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்டு வருகிறார்கள். "ஒரு ரூபாய்க் காசில் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது, இது செல்லுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "இரண்டு ரூபாயில் பாதி எழுத்து தெரியவில்லை. இதற்கு லட்ச ரூபாய் தருவதாக செல்போனில் வருகிறதே, உண்மையா?" என்று இன்னொருவர் கேட்கிறார். முதலாமவர் நல்ல காசைத் தள்ளப் பார்க்கிறார். இரண்டாமவர் ஒன்றுக்கும் ஆகாத காசைப் பொன்னாக நினைக்கிறார். கல்லாவுக்கு இரண்டுமே நஷ்டம்தான்.

முன்பெல்லாம் கடையில் உட்காருகிறவருக்குக் காசின் மேல் கை வைத்தாலே தெரியும். இன்று கடையில் ஒட்டியிருக்கும் சதுரப் படத்தைக் காட்டிப் பணம் வாங்குவது அதிகமாகிவிட்டதால், புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காசின் எடையும் ஓசையும் பழக்கமில்லை. ஆனாலும் டெல்டாவின் மளிகைக் கடையில் தீப்பெட்டிக்கும் கற்பூரத்துக்கும் கால் கிலோ வெல்லத்துக்கும் சில்லறை வந்துகொண்டுதான் இருக்கிறது. பஸ் சில்லறையும் கோயில் உண்டியல் சில்லறையும் சுற்றிச் சுற்றி நம்மிடம்தான் வருகின்றன. எனவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

அரிசி வியாபாரிக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கை அரிசியை எடுத்ததும், குறை எந்தக் கட்டத்தில் வந்தது என்று நாம் சொல்லிவிடுகிறோம். கருக்காய் வயலில் வந்தது. நொய் ஆலையில் வந்தது. பூச்சி குடோனில் வந்தது. காசுக்கும் அதே கேள்விதான். இந்தக் குறை நாணயச் சாலைக்குள் வந்ததா, வெளியே வந்ததா? உள்ளே வந்தது என்றால், ஒரே ஒரு காசுக்கு நேர்ந்த விபத்தா, அல்லது ஆயிரக்கணக்கான காசுகளில் வரும் தேய்மானமா?

காசு தயாராகும் விதம்

இந்தியாவில் காசு அடிக்கும் சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. காசை அடிப்பது மத்திய அரசு. அதைப் புழக்கத்துக்கு விடுவது ரிசர்வ் வங்கி. உலோகத் தகட்டை நீளமாக உருட்டி, அதிலிருந்து வட்ட வில்லைகளைக் குத்தி எடுக்கிறார்கள். வில்லையின் ஓரத்தை அழுத்தி விளிம்பு எழுப்புகிறார்கள். பிறகு சூடாக்கி மென்மைப்படுத்தி, கழுவி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடி. அந்த நேரத்தில் வில்லை பக்கவாட்டில் பிதுங்காமல் ஓர் இரும்பு வளையம் பிடித்துக்கொள்ளும். பிறகு எண்ணி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். இந்த வேலை எல்லாம் இயந்திர வேகத்தில் நடப்பதால், வில்லை கொஞ்சம் தவறி விழுந்தாலும் அடி நிற்பதில்லை. அப்படி வரும் கோணல் காசைப் பரிசோதனையில் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். அதற்கும் தப்பி வெளியே வருவதைத்தான் சேகரிப்பவர்கள் 'எரர்' என்று தேடுகிறார்கள்.

எரர் அல்லாதவை

நம் கைக்கு வரும் 'வித்தியாசமான' காசுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அச்சு எஃகால் ஆனது என்றாலும் லட்சக்கணக்கான முறை அடித்தால் தேயாமல் இருக்குமா? தேய்ந்த அச்சில் சிங்கமுகம் மழுங்கி வரும். அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் ஆண்டின் ஓர் எண்ணோ 'பாரத்' என்பதில் ஓர் எழுத்தோ விழாமல் போகும். "ஆண்டே இல்லாத காசு" என்று விலை பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பிசுக்குக் காசுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண்ணின் நிழல் மெல்லத் தெரியும்.

அச்சு விரிசல் விட்டால் காசில் முடி போல ஒரு கோடு எழும்பி நிற்கும். இந்த இடத்தில் ஒரு முக்கியமான அடையாளம் உண்டு. அச்சில் விரிசல் என்பது பள்ளம். அதில் உலோகம் புகுவதால் காசில் அது மேடாகத்தான் விழும். ஆணியாலோ கத்தியாலோ பிறகு கீறினால் காசில் பள்ளம் விழும். நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும். மேடான கோடு சாலைக்குள் வந்தது, பள்ளமான கோடு பெரும்பாலும் தெருவில் வந்தது. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், அடிக்கும் நேரத்தில் வில்லைக்கும் அச்சுக்கும் நடுவே நூலோ கம்பியோ சிக்கினாலும் பள்ளம் விழும். ஆனால் அது அபூர்வம். விரிசல் கோடு சாலைக்குள் வந்ததுதான் என்றாலும் அதற்கு விலை இல்லை. ஏனென்றால், அச்சு மாற்றப்படும் வரை அடிக்கப்பட்ட அத்தனை காசுகளிலும் அதே கோடு இருக்கும். விளிம்போரமாக அச்சே உடைந்து விழுந்து, அந்த இடம் முழுவதும் காசில் கட்டியாக எழும்பியிருந்தால் மட்டும் சேகரிப்பவர்கள் சற்று நின்று பார்ப்பார்கள்.

எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. அடி விழுந்ததும் அச்சு லேசாக ஆடினால், எழுத்தின் ஓரம் தட்டையாக நசுங்கிப் படிக்கட்டு போல நிற்கும். இது ஆட்டத்தால் வந்தது, மதிப்பு கிடையாது. அச்சு செய்யும்போதே உருவம் இரண்டு முறை பதிந்திருந்தால் இரண்டு எழுத்தும் தனித்தனியே முழு உயரத்தில் உருண்டையாக நிற்கும். லென்ஸ் இல்லாமல் இதைத் தீர்மானிக்கப் புகவேண்டாம்.

இன்னொன்று, திரும்பிய அச்சு. இப்போது புழக்கத்தில் உள்ள காசைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போலத் திருப்பினால், இரண்டு பக்கமும் நேராக நிற்கவேண்டும். பூ நேராகவும் தலை சாய்ந்தும் வந்தால் ஓர் அச்சு தன் இடத்தில் சுழன்றுவிட்டது என்று பொருள். நம் நாட்டுக் காசுகளில் சிறு சாய்வு சர்வசாதாரணம். கால் சுற்று, அரைச் சுற்று திரும்பியிருந்தால்தான் சேகரிப்பவர்கள் கேட்பார்கள்.

உண்மையான அச்சுப் பிழைகள்

தகட்டில் ஏற்கெனவே குத்திய ஓட்டையின் மேலேயே மறுபடியும் குத்து விழுந்தால் வில்லை பிறைபோலக் கடிபட்டு வெளிவரும். அதன் மேல் அச்சு விழுந்தால் கடிபட்ட காசு. அரத்தால் ராவியும் இப்படிச் செய்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்க வழி என்னவென்றால், கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்து விளிம்பைப் பாருங்கள். உண்மையான கடி என்றால் பெரும்பாலும் எதிர்ப்புற விளிம்பு மழுங்கி இருக்கும். காரணம், விளிம்பு எழுப்பும் இயந்திரம் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்துகிறது. ஒரு பக்கம் உலோகமே இல்லாதபோது எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது. ராவிய காசில் எதிர்ப்புற விளிம்பு கம்பீரமாக நிற்கும். ராவுகிறவனுக்கு இந்தச் சூட்சுமம் தெரிவதில்லை.

வில்லை நடுவில் உட்காராமல் அடிபட்டால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பிறைபோல வெறுமையாக இருக்கும். நூலளவு ஒதுங்கல் எத்தனையோ காசில் உண்டு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். கால்வாசிக்கு மேல் ஒதுங்கி, ஆண்டும் தெரிகிற காசு என்றால் தனியே எடுத்து வைக்கலாம். பிடிக்கும் வளையம் இல்லாமல் அடிபட்டால் காசு அகன்று, விளிம்பு இல்லாமல் அப்பளம் போல் வரும். இதில் உருவம் நசுங்கியிருக்காது. சுத்தியலால் தட்டி அகலமாக்கினால் உருவமும் சேர்ந்து தேய்ந்துபோகும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒன்று. அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வந்து அதன் மேல் மோதுகிறது. அப்போது அந்த வில்லையின் ஒரு பக்கத்தில் சிங்கமுகம் முறையாகவும், மறுபக்கத்தில் அதே சிங்கமுகம் பள்ளமாகவும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியும் விழும். இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைஸில் இறுக்கி இதைப் போலவே செய்கிறார்கள். ஆனால் அதில் பழைய எண்ணின் மிச்சம் பள்ளத்தின் அடியில் தெரியும், மறுபக்கத்து உருவமும் நசுங்கிக் கிடக்கும்.

இரண்டு பக்கமும் தலை உள்ள காசு என்று ஒன்றைக் காட்டுகிறார்களே, அது ஷோலே படத்தில் வந்ததோடு சரி. சந்தையில் வருவது அநேகமாக எல்லாமே கடைசலில் ஒரு காசைக் குடைந்து இன்னொன்றைச் செதுக்கி உள்ளே பொருத்தியவை. விளிம்பின் உட்புறம் மயிரிழை போல ஓர் இணைப்பு ஓடும். தரையில் போட்டால் ஓசை செத்து வரும்.

எடையும் அளவும் செய்யும் குழப்பம்

வேறு வில்லையில் அடித்த காசு என்பது உண்மையிலேயே அபூர்வமான பிழை. ஆனால் இதில்தான் நம் வியாபாரிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. ரூபாய்க் குறியுடன் 2011 முதல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம். அதேபோல 2011 வரிசை ஒரு ரூபாய் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், 3.79 கிராம், அதற்கு முந்தைய எஃகு 50 காசும் அதே அளவு. அரசாங்கமே அளவைக் குறைத்துவிட்டது. "ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அச்சு விழுந்திருக்கிறது" என்று ஒருவர் கொண்டுவந்தால், அவர் கையில் இருப்பது 2011க்குப் பிந்தைய சாதாரண இரண்டு ரூபாய்தான். மாலை நேரக் கூட்டத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு, இரவு கணக்கு இடிப்பதற்கும் இதுவே காரணம். கல்லாவில் பழைய ஒரு ரூபாயையும் புதிய இரண்டு ரூபாயையும் வேறு வேறு கிண்ணத்தில் போடுவது நல்லது.

காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கமும் பரவியிருக்கிறது. எஃகுக் காசு காந்தத்தில் ஒட்டும், சரி. ஆனால் பழைய பதினோரு மூலை இரண்டு ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது. பித்தளை நிறத்து ஐந்து ரூபாய் செம்புக் கலவை. இவை ஒட்டா. ஒட்டவில்லை என்பதால் கள்ளக் காசு என்று சொல்லிவிட முடியாது.

ஆண்டுக்குக் கீழே இருக்கும் சிறு குறியைப் பார்த்தும் சிலர் மயங்குகிறார்கள். வைரம் போன்ற குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. குறி இல்லாதது பிழை அல்ல. சில்லறைத் தட்டுப்பாடு தலைவிரித்து ஆடியபோது, மீதிக்கு மிட்டாய் கொடுத்தோமே, அந்தக் காலத்தில் அரசு வெளிநாட்டுச் சாலைகளிலும் காசு அடித்து வாங்கியது. 1985ல் பிரிட்டனில் அடித்தவை உண்டு. 1990களின் பிற்பகுதியில் தென் கொரியா, ரஷ்யா, தென் ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தன. அவற்றில் நமக்குப் பழக்கமில்லாத எழுத்துகள் இருக்கும். அவையும் பிழை அல்ல, செல்லுபடியாகும் காசுகளே.

பத்து ரூபாய் பட்ட பாடு

வேறுபாட்டைப் பிழை என்றும், பிழையைப் போலி என்றும் நினைத்ததால் வந்த வினைக்குப் பத்து ரூபாய்க் காசைவிட நல்ல உதாரணம் இல்லை. 2016ல் டெல்லியில் போலி ஐந்து, பத்து ரூபாய்க் காசுகள் செய்த ஒரு கூடத்தைக் காவல்துறை பிடித்தது. அதை ஒட்டி வதந்தி கிளம்பியது. மேல் பக்கத்தில் பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்றார்கள். ரூபாய்க் குறி இல்லாதது செல்லாது என்றார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர் வாங்க மறுத்தார், கடைக்காரரிடம் பஸ்ஸில் வாங்க மறுத்தார்கள், கடைசியில் யார் கையில் நின்றதோ அவர் மூட்டையாகக் கட்டி வைத்தார். தஞ்சை வட்டாரத்திலும் இந்தக் கூத்து நடந்தது.

உண்மை என்னவென்றால், பதினைந்து கோடு உள்ளது முந்தைய வடிவம். பத்துக் கோடும் ரூபாய்க் குறியும் உள்ளது 2011க்குப் பிந்தைய வடிவம். ரூபாய்க் குறியே 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. (அதை வரைந்த உதயகுமார் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை.) அதற்கு முன் அடித்த காசில் அந்தக் குறி எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று, அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு வந்திருக்கிறது, எல்லாம் செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் அப்போது தெரிவித்தது. இத்தனைக்குப் பிறகும் சில ஊர்களில் தயக்கம் தீரவில்லை.

பத்து ரூபாய் இரண்டு உலோகம் சேர்ந்தது என்பதால் அதில் உண்மையான பிழைகளும் வரும். நடு வில்லை ஓரமாக உட்கார்ந்து வருவதுண்டு, நடுவே இல்லாமல் வெறும் வளையமாக வருவதும் உண்டு. ஆனால் நடுவைத் தட்டி எடுத்துவிட்டு 'எரர்' என்று விற்பது மிகச் சுலபமான வேலை. அப்படித் தட்டி எடுத்ததில் ஓட்டையின் உட்சுவரில் உரசிய தழும்பு இருக்கும். வளையத்தை ஒட்டியிருந்த உருவம் கத்தியால் வெட்டியது போல முடியும். நடு இல்லாமலேயே அடிபட்ட வளையத்தில், அழுத்தத்தால் உலோகம் உள்நோக்கி வழிந்து ஓரம் மழுங்கலாக இருக்கும். பத்து ரூபாயின் எடை ஏறத்தாழ 7.7 கிராம். நூறு காசை நம் தராசில் போட்டால் 770 கிராமை ஒட்டி நிற்கவேண்டும். மிகவும் குறைந்தால் மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம். கள்ளக் காசின் அடையாளம் கோடுகளின் எண்ணிக்கை அல்ல. எழுத்துகள் மெழுகு உருகினாற்போல் ஓரம் இல்லாமல் இருப்பதும், எடை பிசகுவதும், ஒரு கை காசில் நாலைந்து ஒரே மாதிரித் தழும்போடு வருவதும்தான்.

தெருவில் வந்த பழுது

டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆடிப்பெருக்கன்று காவிரியில் போட்ட காசு சேற்றில் கிடந்து கறுத்து வரும். உண்டியல் காசில் மஞ்சளும் எண்ணெயும் படிந்து செம்பு நிறம் காட்டும். "எஃகுக்குப் பதில் செம்பில் அடித்தது" என்று அதையும் ஒருவர் விற்கப் பார்த்ததை நாம் அறிவோம். ரயில் தண்டவாளத்தில் பையன்கள் வைத்து நசுக்கிய காசு வரும். இவை எதற்கும் காசுக்கு மேல் விலை இல்லை. சிதைக்கப்பட்ட காசும் எடை குறைந்த காசும் சட்டப்படி செல்லுபடியாவதில்லை என்பதால் நசுங்கியதையும் ராவியதையும் வாங்காமல் இருப்பதே முறை. அச்சு மங்கியது, விரிசல் கோடு உள்ளது, நிறம் மாறியது ஆகியவற்றை மறுக்கக் காரணம் இல்லை.

சட்டத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசுகளாக ஒருவர் ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். 50 காசாக என்றால் பத்து ரூபாய் வரை. அதற்கு மேல் வாங்கிக்கொள் என்று யாரும் வற்புறுத்த முடியாது. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாமல் போயின. 50 காசு செல்லும்; யாரும் வாங்குவதில்லை என்பது வேறு விஷயம். காசை உருக்குவதும் சிதைப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வீட்டில் விளையாட்டாக 'எரர்' தயாரிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லட்ச ரூபாய்க் கனவு

2012ல் வந்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று செல்போனில் விளம்பரம் வருகிறது. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் வந்த ஐந்து ரூபாயையும் நம் ஊரில் சிலர் இதே நம்பிக்கையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இவை நினைவுக் காசுகள், பிழைக் காசுகள் அல்ல. ஆசையாக வைத்திருக்கலாம், லட்சம் வராது. அந்த விளம்பரத்தின் சூழ்ச்சி எளிது. நாம் விற்கப் போகிறோம், ஆனால் பணம் கட்டுவதும் நாம்தான். பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கடைக்காரர் வீட்டில், பத்து ரூபாய்க் காசு ஒன்றை விற்பதற்காக மூன்று தவணையாகப் பணம் அனுப்பினார்கள். காசு இன்னும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டு இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள் என்றும், தாங்கள் இந்த வியாபாரத்தில் இல்லை, யாரையும் அதற்கு நியமிக்கவும் இல்லை என்றும் அந்த வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. வாங்குகிறவன் விற்கிறவனிடம் முன்பணம் கேட்கும் வியாபாரம் நெல்லில் உண்டா, பருப்பில் உண்டா?

பழைய காசு பற்றியும் ஒரு வார்த்தை. நம் மண்ணில் ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசு கிடைப்பதுண்டு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். தரங்கம்பாடியில் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் வெளியிட்ட சிறு காசுகளும் கடலோரத்தில் கிடைக்கும். ராஜராஜன் காசில் உருவம் ஒதுங்கியும் பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போயும் இருப்பதைக் காட்டி, "சோழர் காலத்து எரர்" என்று கூடுதல் விலை கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள், வளையம் கிடையாது. ஒதுங்காமல் நடுவில் விழுந்த காசுதான் அதில் அபூர்வம், அதற்குத்தான் விலை அதிகம். நிலத்தில் புதையலாக எது கிடைத்தாலும், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

சரி, உண்மையிலேயே விநோதமான காசு ஒன்று கல்லாவில் விழுந்தால்? முதலில் அதைத் தேய்க்க வேண்டாம். புளி, விபூதி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பவர்கள் முகம் கொடுப்பதில்லை. ஒரு காகித உறையில் தனியே போடுங்கள். அதே ஆண்டு, அதே குறியுள்ள நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். திருச்சியிலோ சென்னையிலோ நாணயக் கண்காட்சி நடக்கும்போது ஒருவரிடம் அல்ல, இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். இதற்கு அரசாங்க விலைப்பட்டியல் என்று எதுவும் கிடையாது.

மற்றபடி மங்கலும் கோடுமாகச் சேர்ந்துவிட்ட நல்ல காசுகளைத் தேக்கி வைக்க வேண்டியதில்லை. வங்கிக் கிளைகள் காசை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவுறுத்தியிருக்கிறது. ஒரே மதிப்புள்ள காசுகளை நூறு நூறாக பாலிதீன் பையில் போட்டு, எண்ணிக்கையை மேலே எழுதி, காலை நேரக் கூட்டம் குறைந்த பிறகு கொண்டுபோனால் காசாளருக்கும் சிரமம் இல்லை.